நாலரை மணிச் சங்கு

என்னையும் என் கிளாரினெட்டையும் வாசற்படிக்கு வெளியே நிறுத்திவிட்டுப் பாட்டு எடுத்த ஒரே மனிதர் ஸ்ரீரங்கராஜன்தான். வேறு யாராவது அப்படிச் செய்திருந்தால் வாத்தியத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போயிருப்பேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று என் மனைவி லூர்துராணி பொன்மலை முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அன்றைக்கு அந்தக் கோபம் எங்கே போய் ஒளிந்துகொண்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் சகாயநாதன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். பகலெல்லாம் ரயில் பெட்டிகளோடு மல்லுக்கட்டல். சாயங்காலமானால் இசைக்குழுச் செயலாளர். குழுவில் பதினோரு பேர். பதினோரு பேரும் ஒர்க்‌ஷாப் ஆட்கள். பாடுவதற்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு பெண். கல்யாணம், கோயில் திருவிழா, புது அதிகாரிக்கு வரவேற்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். கூப்பிடாத இடத்துக்கும் போவோம் என்பது லூர்துராணியின் கூற்று.

1983 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் நெற்றி நிறையத் திருமண் இட்ட ஒருவர் எங்கள் வீட்டு நாயோடு பேசிக்கொண்டு நிற்கிறார். சினிமாவுக்கு இசையமைக்கிறவர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். பேர் ஸ்ரீரங்கராஜன். சொந்த ஊர் ஸ்ரீரங்கம், சித்திரை வீதி. பெருமாளைச் சேவித்துவிட்டு நேராக இங்கேதான் வருகிறேன் என்றார்.

அவர் வந்த காரணம் இதுதான். தாயுமானவன் என்று ஒரு டைரக்டர், அவரும் திருச்சிக்காரர்தான், ‘கொட்டகைக் கோபாலு’ என்று ஒரு சிரிப்புப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். கதை 1953-இல் நடக்கிறது. கொள்ளிடக் கரையில் ஒரு டூரிங் கொட்டகை. முதலாளி கோபாலுவிடம் இருப்பது ஒரே ஒரு ஓட்டைப் புரொஜெக்டர். கதாநாயகன் கத்தியை உருவும்போதெல்லாம் ஃபிலிம் அறுந்துபோகும். ஒட்டி முடிக்கும் வரை ஜனங்கள் எழுந்து போகாமலிருக்க ஒரு பெண் திரைக்கு முன்னால் வந்து பாட வேண்டும், பக்கத்தில் ஒரு பேண்டு வாசிக்க வேண்டும். நாளாக ஆக, படத்தைவிட ஃபிலிம் அறுவதற்காகவே கூட்டம் வருகிறது. கேட்கும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

படப்பிடிப்பைப் பார்க்க ஸ்ரீரங்கத்துக்கு நாங்கள் முன்பே ஒரு நாள் போயிருந்தோம். தாயுமானவன் செய்த வேலையைப் பார்த்து வாயைப் பிளந்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். உத்தர வீதியில் ஒரு நீளத்துக்கு இருந்த தேர்தல் எழுத்தையெல்லாம் சுண்ணாம்படித்து மறைத்திருந்தார்கள். மறைக்க முடியாத கம்பத்துக்கு முன்னால் ஒரு வைக்கோல் வண்டி. கூட்டத்தில் நிற்கும் ஒவ்வொருவர் கையையும் அவரே பிடித்துப் பார்த்து எலக்ட்ரானிக் வாட்சுகளைக் கழற்றி ஒரு தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டிருந்தார். ரப்பர் செருப்புப் போட்டவர்களுக்கெல்லாம் வெறுங்கால். முப்பது வருஷத்தை ஒரு தெருவிலிருந்து துடைத்தெடுப்பது லேசான வேலை இல்லை. அந்த மனிதர் சாப்பிடக்கூட உட்காரவில்லை.

“கண்ணுக்கு ஐம்பத்து மூணு வந்துடுத்து. காதுக்குத்தான் வரமாட்டேங்கறது” என்றார் ஸ்ரீரங்கராஜன். அந்தப் பாட்டை மெட்ராஸில் பெரிய ஸ்டூடியோவில் இரண்டு தரம் எடுத்துப் பார்த்தாராம். “அங்க எல்லாரும் ரொம்ப சுத்தமா வாசிக்கறா. எனக்குக் கொஞ்சம் அழுக்கு வேணும்.”

அழுக்கு என்றால் நாங்களா என்று கேட்டுவிட்டேன். அவர் அசரவில்லை. சின்ன வயதில் அண்ணனின் சைக்கிளில் தொற்றிக்கொண்டு வந்து பொன்மலை மைதானத்தில் எங்கள் அப்பா காலத்துக் குழுவைக் கேட்டதாகவும், அந்தச் சத்தம் இன்னும் காதில் இருப்பதாகவும் சொன்னார். அதில் கிளாரினெட் வாசித்த கறுத்த மனிதர் யார் என்று கேட்டார். அது என் அப்பா. அதற்கு மேல் என்ன கோபப்பட முடியும், உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தேன்.

அன்று மாலையே குழுவைக் கூட்டினேன். எங்கள் பாடகி அமலராணி இரண்டு பாட்டுப் பாடினாள். இருபத்திரண்டு வயசு, மெல்லிய குரல், ரேடியோவில் வருகிற மாதிரியே இருக்கும். ஸ்ரீரங்கராஜன் கண்ணை மூடிக் கேட்டார். குழந்தை நன்றாகப் பாடுகிறாள் என்று மனதாரப் பாராட்டினார். ஆனால் இந்தக் குரல் 1953-இல் இல்லையே என்றார். அப்போதெல்லாம் மைக்கை நம்பிப் பாட மாட்டார்கள், கொட்டகையின் கடைசி வரிசையை நினைத்துப் பாடுவார்கள், அப்படிப்பட்ட குரல் யாரிடமாவது இருக்கிறதா என்று கேட்டார்.

நான் கிளாரினெட்டின் சீவாளியைத் துடைக்க ஆரம்பித்தேன். பாங்கோஸ் வாசிக்கிற தைரியராஜுக்கு மட்டும் வாய் சும்மா இருக்காது.

“டோரதி டீச்சர் இருக்காங்கல்ல?”

அவனை ஒரு முறை முறைத்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் பெயர் வெளியே வந்துவிட்டது.

டோரதி எங்கள் குழுவில் ஒன்பது வருஷம் பாடியவர். திருச்சியில் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர். கனத்த குரல், மூக்கிலும் நெஞ்சிலும் சேர்ந்து ஒலிக்கும். மைக் கெட்டுப்போனாலும் கடைசி ஆள் வரைக்கும் கேட்கும். எழுபதுகளில் பாட்டு மாறியது. மெல்லிய குரல்கள்தான் எல்லாருக்கும் பிடித்தன. ஒருமுறை மெட்ராஸில் குரல் சோதனைக்குப் போய்விட்டு வந்தார். பழைய காலத்துக் குரல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

1976-இல் வையம்பட்டியில் ஒரு கோயில் திருவிழாக் கச்சேரி. டோரதி ஒரு பழைய மெட்டில் பாடிக்கொண்டிருந்தார். முதல் சரணம் முடிவதற்குள் முன்வரிசைப் பையன்கள் விசிலடிக்க ஆரம்பித்தார்கள். புதுப் பாட்டு, புதுப் பாட்டு என்று ஒரே சத்தம். கூட்டம் கலைந்துவிடும், அடுத்த வருஷம் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்து நான் ஒரு காரியம் செய்தேன். இரண்டாம் சரணத்தை அவர் எடுக்க வாயைத் திறந்தபோது, கையைக் காட்டிக் குழுவை நிறுத்தி, அடுத்த பாட்டின் முகப்பிசையைக் கிளாரினெட்டில் ஊதினேன். கூட்டம் கைதட்டியது. டோரதி திறந்த வாயை மூடிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார்.  அதற்குப் பிறகு குழுவுக்கு வரவே இல்லை. ஏழு வருஷமாகக் கோயிலில் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். நானும் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. செயலாளர் செய்ய வேண்டியதைத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியவனும் நான்தான். லூர்துராணியைத் துணைக்குக் கூப்பிட்டேன். நீங்க பண்ணதுக்கு நீங்களே போங்க என்று சொல்லிவிட்டாள்.

டோரதி பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னேன். மறைக்காமல் இன்னொன்றையும் சொன்னேன். தயாரிப்பாளர் இந்தப் பாட்டை ‘ட்ராக்’காக மட்டும்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறார். அதாவது நடிகை வாயசைப்பதற்காக இப்போதைக்கு ஒருவர் பாடிக் கொடுப்பது. படம் முடிந்ததும் அந்தக் குரலை எடுத்துவிட்டு மெட்ராஸில் பேர் வாங்கிய பாடகியின் குரலைப் போட்டுவிடுவார்கள்.

சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

“எனக்கு நாப்பத்தொரு வயசாவுது, மிஸ்டர் சகாயநாதன். இத்தன வருஷம் பாடுனதுல என் குரல் எங்கயுமே பதிஞ்சு இல்ல. ஒரு பாட்டாவது முழுசா எங்கயாவது இருக்கணும்னு எனக்கு ஆசைங்க. நீங்க என்னடான்னா பாடிட்டு அழிக்கிறதுக்குக் கூப்பிடுறீங்க.”

மிஸ்டர் என்ற அந்த ஒரு வார்த்தை எங்கே குத்தியது என்று எனக்குத்தான் தெரியும். முன்பெல்லாம் சகாயம் என்றுதான் கூப்பிடுவார். நான் எழுந்துகொண்டேன். வாசலுக்கு வந்தபோது பின்னாலிருந்து, என்னைக்குன்னு சொல்லிட்டுப் போங்க என்றார்.

இதை அப்படியே ஸ்ரீரங்கராஜனிடம் சொன்னேன். அவர் பெருமாள் படத்தைப் பார்க்கிற மாதிரி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதிவு ஒரு வியாழக்கிழமை மதியம். இடம் எங்கள் மாதா கோயிலின் பங்குக் கூடம். அங்கே ஞாயிறு, சனியெல்லாம் கல்யாணம். மெட்ராஸிலிருந்து ரெக்கார்டிஸ்ட் ஒருவர் நாக்ரா டேப்ரெக்கார்டரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு காலை ரயிலில் வந்து இறங்கினார். அன்றைக்கே திரும்ப வேண்டும். நாங்கள் பதினோரு பேரும் அரை நாள் லீவு போட்டிருந்தோம். ரெக்கார்டிஸ்ட் முதலில் கேட்டது, இங்கே என்னென்ன சத்தம் வரும் என்பதுதான். ரயில் போகுமா, தள்ளித்தான் போகும். கோயில் மணி, ஆறு மணிக்குத்தான். நாய், கட்டிப்போட்டாயிற்று. வேறு ஏதாவது சத்தம் உண்டா என்று மறுபடி கேட்டார். பதினோரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வேற ஒண்ணுமில்லீங்க, ரொம்ப அமைதியான இடம் என்று நான்தான் உறுதி கொடுத்தேன். பொய் சொல்லவில்லை. மனதறிந்து சொன்ன உண்மை அது.

அவர் இரண்டு மைக் கொண்டுவந்திருந்தார். ஒன்று வாத்தியங்களுக்கு. இன்னொன்று பாடுகிறவருக்குத் தனியாக, டேப்பிலும் தனிப் பாதையில். ஸ்ரீரங்கராஜன் இரண்டாவது மைக்கைப் பெட்டியிலேயே வைக்கச் சொன்னார்.

“சார், ஒரே மைக்ல எடுத்தா எல்லாம் ஒண்ணாக் கலந்துடும். அப்புறம் குரல மட்டும் மாத்த முடியாது” என்றார் ரெக்கார்டிஸ்ட்.

“தெரியும். ஐம்பத்து மூணுல ஒரு மைக்தானே இருந்தது?”

தயாரிப்பாளர் கேட்டால் என்ன சொல்வது என்று அவர் முனகினார். ஸ்ரீரங்கராஜன் காது கேட்காதவர் போல அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார். டோரதி மூலையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது விளங்கியதோ என்னவோ, எனக்கு விளங்கியது. அந்தக் கணத்திலிருந்து அந்த மனிதர் என்ன சொன்னாலும் செய்வது என்று முடிவு செய்தேன்.

அவர் சொன்ன முதல் காரியம் என்னைப் பின்னால் போகச் சொன்னது. ஒரே மைக் என்றால் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பொத்தான் கிடையாது, ஆள்தான் நகர வேண்டும். சாக்பீஸால் தரையில் வட்டம் போட்டார். டோரதிக்கு மைக்கிலிருந்து ஒன்றரை அடி. வயலின் நான்கு அடி. மாண்டலின் ஆறு. அக்கார்டியன் ஜன்னலோரம். ஒரு பல்லவி எடுப்பார், ஹெட்போனைக் காதில் மாட்டிக் கேட்பார், சாக்பீஸோடு வருவார், ஒருவரை அரை அடி தள்ளுவார். மறுபடி பல்லவி. தைரியராஜைச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காரச் சொன்னார். என்னை எட்டு அடி, பத்து அடி, பன்னிரண்டு அடி என்று தள்ளிக்கொண்டே போய்க் கடைசியில் வாசற்படி தாண்டி வராந்தாவில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். செயலாளரை வெளியே நிறுத்தியாச்சு என்று தைரியராஜ் சுவரிடம் சொன்னான். பத்துப் பேரும் சிரித்தார்கள்.

அப்புறம் அவர் என்னைக் கூப்பிட்டு எடுத்த டேப்பைக் கேட்க வைத்தார். காதில் மாட்டியதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அது என் கிளாரினெட் இல்லை. தூரத்தில், கூட்டத்துக்கு அப்பால், என் அப்பா வாசித்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்துக்கு முந்தைய மைதானம் அது. சாக்பீஸும் பன்னிரண்டு அடியும் வைத்து இதைக் கொண்டுவந்துவிட்டாரே என்று அவர் காலில் விழத் தோன்றியது. விழவில்லை. வராந்தாவுக்குப் போய் நின்றேன்.

பாட்டைத் தாயுமானவனே எழுதியிருந்தார். ‘ரெண்டணாக் கொடுத்தா ராஜா ஆகலாம், ஆட்டம் முடிஞ்சா வீடு போகலாம்’ என்று துள்ளலாகத் தொடங்கும். இரண்டாம் சரணத்தில் மெட்டு தாழும். ‘வெளக்கணைஞ்ச பின்னாலே வெள்ளத் துணியில யாரிருக்கா’ என்று ஒரு கேள்வி. டோரதி முதல் தடவை அந்த வரியைப் பாடியபோதே ரெக்கார்டிஸ்ட் நிமிர்ந்து பார்த்தார். ஏழு வருஷம் பாடாத தொண்டை என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்றரை அடியில் நின்று பாடினாலும் அவர் கண் எதிர்ச்சுவருக்கு அப்பால் எங்கேயோ கடைசி வரிசையில் இருந்தது.

ஆனால் முழுசாக ஒரு தடவைகூடச் சரியாக வரவில்லை. ஒன்றில் மாண்டலின் கம்பி அறுந்தது. ஒன்றில் வயலின்காரர் தும்மினார். இரண்டில் நான் தப்பு வாசித்தேன், ஒத்துக்கொள்கிறேன். ரெக்கார்டிஸ்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டேப் தீரப் போகிறது, இதுதான் கடைசி, ரயிலைப் பிடிக்க வேண்டும் என்றார்.

கடைசி டேக் ஆரம்பத்திலிருந்தே தனி. பதினோரு பேருக்கும் ஒரே மூச்சு மாதிரி இருந்தது. பல்லவி, முதல் சரணம், இடையிசை எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. இரண்டாம் சரணத்தை டோரதி எடுத்தார். வெளக்கணைஞ்ச பின்னாலே என்று முடித்து அடுத்த வார்த்தைக்கு மூச்சு வாங்கினார்.

அப்போது ஒர்க்‌ஷாப் சங்கு ஊதியது.

நாலரை மணிச் சங்கு. நாங்கள் பிறந்த நாளிலிருந்து ஊதுகிற சங்கு. அமைதியான இடம் என்று நான் சத்தியம் செய்தபோது அது என் நினைவிலேயே இல்லை, மற்ற பத்துப் பேர் நினைவிலும் இல்லை. எங்களுக்கு அது சத்தமே இல்லை, வெயில் மாதிரி ஒன்று. அதுகூடப் பரவாயில்லை. சங்கு ஊதினால் கையில் இருப்பதைக் கீழே வைப்போம். இருபது வருஷப் பழக்கம் அது. கையில் இருப்பது அரமா கிளாரினெட்டா என்று கை பார்க்கவில்லை. நான் வாத்தியத்தை உதட்டிலிருந்து எடுத்துப் பானை மேல் வைத்துவிட்டேன். உள்ளே எட்டிப் பார்த்தால் வயலின் மடியில் கிடக்கிறது. அக்கார்டியன் மூடிவிட்டது. தைரியராஜ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

டோரதி மட்டும் நிறுத்தவில்லை.

சங்குக்கு மேலே அவர் குரல் எழும்பியது. சங்கு ஏறி, நின்று, இறங்கி, ஓய்ந்தது. அவர் பாடிக்கொண்டே இருந்தார். துணைக்குத் தாளம் இல்லை, சுருதி இல்லை. புடவை மடிப்பில் விரல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. வெள்ளத் துணியில யாரிருக்கா என்று அந்தப் பெரிய கூடத்தில் ஒற்றைக் குரல் கேட்டது. சரணத்தை முடித்து, பல்லவிக்குத் திரும்பி, அதையும் இரண்டு தரம் பாடி நிறுத்தினார். ஸ்ரீரங்கராஜன் மெதுவாகக் கையை நீட்டிப் பக்கத்திலிருந்த ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினார். அணு அளவு விலகவில்லை. டோரதி விட்ட இடமும் கட்டையும் ஒன்றாக இருந்தன.

ரெக்கார்டிஸ்ட் தலையில் கைவைத்துக்கொண்டார். நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். ஏன் நிறுத்தல டீச்சர் என்று தைரியராஜ் கேட்டான். டோரதி அவனுக்குப் பதில் சொன்னார், ஆனால் பார்த்தது என்னை.

“மணி அடிச்சாலும் பாடத்த முடிச்சிட்டுத்தான் நான் புள்ளைங்கள விடுவேன். பாதியில நிறுத்துறது ஒரு தடவ போதுங்க.”

ஐந்து மணிக்குத் தாயுமானவன் படப்பிடிப்பு முடிந்து ஸ்ரீரங்கத்திலிருந்து ஓடி வந்தார். டேப்பைப் போட்டுக் காட்டினார்கள். சங்கு வந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோய்க் கடைசி வரை அசையாமல் கேட்டார். மறுபடி போடச் சொன்னார். அப்புறம் எங்களைப் பார்த்து, நீங்க பதினோரு பேரும் படத்துல நடிக்கிறீங்க என்றார். அங்கேயே கதையை மாற்றிவிட்டார். கோபாலுவின் பேண்டு இனிமேல் பக்கத்து மில் தொழிலாளிகள். ஃபிலிம் அறுகிறது, பாட்டு நடக்கிறது, மில் சங்கு ஊதுகிறது, ஷிஃப்டுக்கு நேரமாச்சென்று பேண்டு வாத்தியத்தைப் போட்டுவிட்டு ஓடுகிறது. அவள் தனியாகப் பாடி முடிக்கிறாள். ஜனங்கள் எழுந்து போகவில்லை.

கொள்ளிடம் மணலில் கீற்றுக்கொட்டகை போட்டு அதை எடுத்தார்கள். சங்கு கேட்டதும் வாத்தியத்தைக் கீழே வைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேலை. தினமும் செய்கிற அதே காரியம். ஒன்பது டேக் வாங்கினேன். தானாக வைப்பது வேறு, வைக்கச் சொல்லி வைப்பது வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் மெட்ராஸிலிருந்து ஸ்ரீரங்கராஜன் ஒரு கார்டு போட்டார். தயாரிப்பாளர் பாட்டைக் கேட்டுவிட்டுக் குதித்தாராம். பாட்டு கேட்டா சங்கு கொண்டாந்திருக்கீங்களே என்றாராம். குரலை மாற்றியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாம். சாம்பாரில் கரைந்த உப்பைத் தனியாக எடுக்கச் சொல்கிறீர்கள் என்று ரெக்கார்டிஸ்டே சொல்லிவிட்டாராம், அன்றைக்குத் தலையில் கைவைத்துக்கொண்ட அதே ஆள். அப்படியானால் பாட்டையே வெட்டிவிடலாம் என்பது தயாரிப்பாளரின் யோசனை. பெருமாள் சித்தம் என்று முடித்திருந்தார். அதற்குப் பிறகு கார்டு வரவில்லை.

மார்ச்சில் இசைத்தட்டு வந்தது. தைரியராஜ் பெரிய கடைவீதியில் வாங்கி வந்தான். இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். ஐந்து பாட்டு. ‘ரெண்டணா’ பாட்டு இல்லை. டோரதியிடம் நானே போய்ச் சொன்னேன். சரிங்க மிஸ்டர் சகாயநாதன், வந்து சொன்னதுக்குத் தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது எனக்கு அழுகை வந்தது. சொல்வதற்கு வெட்கமில்லை.

1984 சித்திரை முதல் தேதி படம் வந்தது. பகல் காட்சிக்குப் பொன்மலையே திரண்டு வந்திருந்தது, பதினோரு பேரின் மூஞ்சியைத் திரையில் பார்ப்பதற்கு. டோரதி வர மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். லூர்துராணி விடவில்லை. கையைப் பிடித்து இழுத்து வந்து, வேண்டுமென்றே எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவள் நாலு சீட் தள்ளிப் போய்விட்டாள்.

படம் முழுக்கத் தியேட்டர் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடைவேளை முடிந்து முக்கால் மணி நேரம் ஆகியும் அந்தக் காட்சியைக் காணோம். வெட்டிவிட்டார்கள் என்றே முடிவு செய்துவிட்டேன். டோரதி மடியில் கைகளைக் கோத்து வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தார்.

திரையில் கோபாலுவின் ஃபிலிம் அறுந்தது. கதாநாயகி மேடையேறினாள். முகப்பிசையில் தூரத்து மைதானத்திலிருந்து ஒரு கிளாரினெட் வந்தது. பன்னிரண்டு அடி.  அப்புறம் குரல் வந்தது. கனத்த குரல், நெஞ்சிலும் மூக்கிலும் சேர்ந்து ஒலிக்கிற குரல். வேறு யாருடையதும் இல்லை. பக்கத்தில் மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டாம் சரணத்தில் சங்கு ஊதியது. தியேட்டரில் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். நிஜமாகத்தான். பொன்மலைக்காரர்களுக்கு அந்தச் சங்கு எங்கே ஊதினாலும் அதே சங்குதான். சிலர் குனிந்து சீட்டுக்கடியில் டிபன் கேரியரைத் துழாவினார்கள். அப்புறம் விஷயம் புரிந்து ஒருவரையொருவர் பார்த்து ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பின் மேல் தனிக் குரல் ஏறிக்கொண்டே போனது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. எழுந்தவர்கள் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்கள்.

வையம்பட்டி மேடை என் கண் முன்னால் வந்தது. திறந்த வாயும் என் கையும். எட்டு வருஷம் தொண்டையில் கிடந்தது அப்போதுதான் மேலே வந்தது.

“டீச்சர், அன்னிக்கு வையம்பட்டியில நான்...”

டோரதி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் கையின் மேல் ஒரு தட்டுத் தட்டினார், வகுப்பில் பேசுகிற பிள்ளையைத் தட்டுகிற மாதிரி.

“அப்புறம் பேசலாம், சகாயம். பாட்டு இன்னும் முடியல. முழுசாக் கேளுங்க.”

கேட்டேன்.